குழியின் தற்போதைய நிலை

திருவொற்றியூரில் ஞானபாக்கியத்தின் மளிகைக் கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குழி இருந்தது. குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று வெட்டினார்கள். குழாய் வரவில்லை. குழி யாருடைய பொறுப்பு என்று காண்ட்ராக்டருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தகராறு முற்றி, விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. மறு உத்தரவு வரும் வரை தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்று மாண்பமை நீதிமன்றம் ஆணையிட்டது.

மறுநாளே வாரியத்தின் உதவிப் பொறியாளர் பாலகணேஷ் டேப்போடு வந்தார். நீளம் எட்டடி, அகலம் மூன்றடி, ஆழம் ஐந்தடி, உள்ளே தண்ணீர் ஓரடி என்று பதிவேட்டில் ஏற்றினார்.

"சார், சனங்க பலகையில நடந்து கடைக்கு வாறாங்க. ஒரு லோடு மண்ணு நானே அடிச்சித் தாரேன்" என்றாள் ஞானபாக்கியம்.

"ஒரு கைப்பிடி போட்டாக்கூட நீதிமன்ற அவமதிப்பும்மா. ரெண்டு பேரும் உள்ள போவோம்."

ஐப்பசி மழையில் குழி நிரம்பியது. பாலகணேஷ் மோட்டாரோடு ஓடி வந்து, ஓரடி மட்டும் விட்டுவிட்டு மீதியை இறைத்தார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்து குழிக்குள் விழுந்த கரித்தூளையும் வாரச் சொன்னார். வீடுகளுக்குள் விழுந்தது விழுந்தபடி கிடந்தது.

சித்திரையில் குழி வறண்டது. பாலகணேஷுக்குத் தூக்கம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை தண்ணீர் லாரியோடு வந்து நின்றார். அந்தத் தெருவுக்கு லாரி வந்து இருபது நாள் ஆகியிருந்தது. எதிர்வீட்டு ரசூல் பீவி குடத்தோடு ஓடி வந்தாள்.

"இன்னா நைனா, குழிக்கு ஊத்துற, எங்களுக்கு ஊத்த மாட்டியா?"

"குழிக்கு உத்தரவு இருக்கும்மா. உங்களுக்கு இருக்கா?"

"செரி, குழிக்கு ஓரடிதான? லாரில மிச்சம் கீற தண்ணிய இன்னா பண்ணுவ?"

பாலகணேஷ் பதிவேட்டைப் புரட்டினார். தண்ணீரோடு திரும்பும் லாரிக்கு மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும். லாரியின் குழாயைக் குடங்களுக்குத் திறந்துவிட்டார்.

அன்று முதல் திங்கள் தவறாமல் லாரி வந்தது. அரசாங்கம் சொன்ன நேரத்துக்கு வந்ததை அந்தத் தெரு முதன்முறையாகப் பார்த்தது. ஞானபாக்கியமும் நாலு குடம் பிடித்தாள். ஆனாலும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. பலகை சரிந்து ஒரு நாள் அவளுடைய அரிசி மூட்டை குழிக்குள் விழுந்தது. மூட்டை குடித்த தண்ணீரைக் குழியிலேயே பிழிந்துவிட்டு எடுத்துப் போகும்படி பாலகணேஷ் சொன்னார். அன்றைக்கே அவள் வக்கீலைப் பார்த்தாள்.

மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்கள். வேலையை நிறுத்தி வைக்கத்தான் சொன்னது, தண்ணீரின் மட்டத்தைக் காக்க அல்ல. மூன்று நாளில் குழியை மூடுங்கள் என்றார்கள்.

ஞானபாக்கியம் தீர்ப்பு நகலும் ஒரு கிலோ லட்டுமாக வந்து இறங்கினாள். கடை வாசலில் தெருவே நின்றது. யாரும் லட்டை எடுக்கவில்லை.

"ஜெயிச்சிட்டியாமேக்கா, நல்லா இரு" என்றாள் ரசூல் பீவி. "திங்கக்கெயம தண்ணிக்கி இன்னா பண்றது?"

ஞானபாக்கியம் லட்டுப் பெட்டியை மூடினாள். ஓரமாகப் பதிவேட்டோடு நின்ற பாலகணேஷைப் பார்த்தாள்.

"குழியே இல்லன்னா லாரி எதுக்கும்மா?" என்றார் அவர். சொல்லிவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தக் குழியை அவரும் பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார்.

மூன்றாம் நாள் மண் லாரி வந்தபோது ஞானபாக்கியம் பலகையின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். லாரி திரும்பிப் போனது. தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு மனு போயிருக்கிறது. முதல் கையெழுத்து அவளுடையது. குழியின் அளவுகளைத் தேதிவாரியாக எடுத்துக் கொடுத்தது பாலகணேஷ்.

அடுத்த தெருக்காரர்களும் அதே வக்கீலிடம் போயிருக்கிறார்கள். அவர்கள் தெருவில் குழி இல்லை. உடனே ஒன்று வெட்டித் தரும்படி அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்று கேட்கிறார்கள்.