பார்க்காமல் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

பயந்த சுபாவம் உள்ளவர்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. பயந்தவர்களும் ஏமாறத்தான் செய்கிறார்கள். என்ன, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரமப்பட்டு ஏமாறுகிறார்கள்.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் தானா ராத்தா பட்டணத்துப் பஸ் நிலையத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவள். (அணைத்துத்தான் இருந்தது. பஸ்தான் போய்விட்டது.) மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். அங்கே நாங்கள் பதினான்கு பெண்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பால்குட ஊர்வலத்தின் முன்வரிசையில் நடக்கும் மரியாதை முதல் தடவையாக எங்கள் பிரிவுக்குக் கிடைத்தது. அதுவரை தோட்டத்தின் மேல் டிவிஷன் பெண்கள்தான் முன்னால் போவார்கள். ஒரே ஊதா நிறச் சேலையில் வந்து, கடைசிச் சல்லடையில் விழும் தூளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்ப்பார்கள். கோயில் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முன்வரிசை ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி மேல் டிவிஷனே போகட்டும்.

மாம்பழ மஞ்சள் என்று முடிவானது. வாரா வாரம் லோரியில் வரும் துணிக்காரரைக் கேட்டோம். "ஒரே கலர்ல பதினாலுக்கு நான் எங்கம்மா போவேன்" என்றார். சரி, ஆன்லைனில் வாங்கலாம் என்றானதும் யாரிடம் பொறுப்பைக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. எங்கள் பிரிவின் மூத்தவர் அஞ்சலை அக்கா என்னைக் கை காட்டினார்.

"இவகிட்டயே குடுப்போம். இவள எவனும் ஏமாத்த முடியாது. ஏமாத்த வந்தவனே பயந்து ஓடிருவான் லா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு நாள் கைப்பேசியைக் குடைந்து, கண்ணுக்கு நிறைவாகப் படம் போட்டிருந்த ஒரு கடையைப் பிடித்து, பதினான்கு பேரிடமும் வசூலித்த பணத்தைக் கட்டினேன். பணம் நேராகக் கடைக்குப் போகாது, நடுவில் ஒரு நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளுமாம். அதன் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்: உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும், பொருள் வந்ததும் 'கிடைத்தது' என்பதை அமுக்குங்கள், அதற்குப் பிறகே விற்றவருக்கு அனுப்புவோம்.

புத்தியுள்ளவர்களுக்கு இதைப் படித்தால் நிம்மதி வரும். எனக்கு இருந்த நிம்மதியும் போனது. யார் இவன்? துணி விற்கிறவனும் இல்லை, கட்டுகிறவளும் இல்லை. நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இவன் யார்? தோட்டத்தில் பிறந்தவளுக்கு நடுவில் நின்று பணத்தைப் பிடித்து வைப்பவன் என்றால் ஒரு பெயர்தான் தெரியும். கங்காணி. துரை கொடுத்த சம்பளம் கங்காணியின் கைக்குள் போய் எப்படி இளைத்து வெளியே வந்தது என்ற கதையைச் சோற்றோடு சேர்த்து ஊட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். செத்துப்போன கங்காணி என் கைப்பேசிக்குள் மறுபிறவி எடுத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரப் பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"சிஸ், உங்க காசு நடுவுல மாட்டிக்கிச்சி. அவங்க விட்டாத்தான் நான் ஸ்டாக் எடுக்க முடியும். நீங்க 'கிடைத்தது'ன்னு அமுக்கிடுங்க, இன்னிக்கே பார்சல போஸ் பண்ணிடறேன். நம்மள நாமளே நம்பலன்னா எப்படி சிஸ்?"

பாவம், அவளும் கங்காணியிடம் மாட்டியவள் என்று எனக்கு மனசு இளகிவிட்டது. லோரிக்காரரிடம் அம்மா காலம் முதல் முன்கூட்டியே பணம் கொடுத்துத்தான் வாங்குகிறோம். அடுத்த வாரம் சாமான் வந்துவிடும். அதுபோலத்தானே இதுவும்? எங்கள் லயத்து வீடுகளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் போன் லைன் கிடைக்கும். அங்கே போய் நின்று அமுக்கினேன்.

உடனே அது நட்சத்திரம் கேட்டது. கஷ்டப்படும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பானேன் என்று ஐந்தையும் கொடுத்தேன். அடுத்து, பொருளைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. ஆபீசில் எந்தப் பாரத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கிராணி என்கிற குமாஸ்தா திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பயத்தில் மலாயில் எழுதினேன்: துணி மெத்தென்று இருக்கிறது, துவைத்தேன், சாயம் போகவில்லை.

சாயங்காலம் அதை என் வீட்டுக்காரர் படித்தார். அவருக்கும் எனக்கும் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம்.

"சேலை எப்ப வந்துச்சி?"

"இன்னும் வரல."

"அப்ப எதத் துவைச்ச?"

பொட்டலம் ஒன்பது நாள் கழித்து வந்தது. கிராணி கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். டீ நேரத்தில் பதினான்கு பேரும் சூழ்ந்து நிற்கப் பிரித்தோம். மஞ்சள். அசல் மாம்பழ மஞ்சள். நிற விஷயத்தில் அந்தக் கடை நேர்மையான கடை என்பதை நான் இன்றைக்கும் சொல்வேன். அஞ்சலை அக்கா ஒன்றை உருவி விரித்தார். ஒரு ஓரத்தில் வரிசையாக எட்டு ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு வெள்ளி வளையம்.

"என்னடி இது?"

"புது டிசைன் போல" என்றேன் நான்.

"அக்கா, இது ஜன்னல்ல மாட்டுறது" என்றாள் பக்கத்தில் நின்ற பார்வதி.

மீதியையும் பிரித்துப் பார்த்தோம், அத்தனையும் ஜன்னல் திரைச்சீலை. திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது.

கடையின் பக்கத்தைத் தேடினேன், காணோம். பேங்குக்குப் போன் போட்டேன். நடுவில் இருப்பவரிடம் பணத்தைச் சேர்த்ததோடு எங்கள் வேலை முடிந்தது, அவரைக் கேளுங்கள் என்றார்கள். நடுவில் இருப்பவரைக் கேட்டேன். முதலில் ஒரு இயந்திரம் வந்து தன்னை என் நண்பன் என்று அறிமுகம் செய்துகொண்டு, பிரச்சினை தீர்ந்துவிட்டதா, ஆம் என்று அமுக்கவும் என்றது. (அமுக்கவில்லை. அந்த அளவுக்குப் படிப்பு வந்திருந்தது.) அரை நாள் கழித்து ஒரு மனுஷி கிடைத்தாள். மலாயில், அம்மா என்பதற்கு 'புவான்' போட்டுப் பேசினாள்.

"பொருள் கிடைத்ததாக நீங்களே அமுக்கியிருக்கிறீர்களே, புவான்?"

"அமுக்கினேன். கிடைக்கவில்லை."

"பிறகு ஏன் அமுக்கினீர்கள்?"

கங்காணியை மலாயில் விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை.

"துவைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள், புவான்" என்றாள், மிகவும் மரியாதையாக.

பயனீட்டாளர் புகார் வாங்கும் முகப்பிடத்தைத் தேடிப் போனேன். அங்கிருந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். நான் எழுதிய விமர்சனத்தை மட்டும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். புகாரும் பதிவானது. நடுவில் இருந்த நிறுவனத்திடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: விற்றவரைத் தொடர்புகொள்ளவும். அவளைத் தொடர்புகொள்ள முடிந்தால் இவர்களிடம் நான் ஏன் போகிறேன் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒன்று. அத்தனை பேரில் என் பணத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தவன் அந்தக் கைப்பேசிக் கங்காணி ஒருவன்தான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டவள் நான்.

திருவிழாவுக்கு முதல் நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அஞ்சலை அக்கா ஒரு கை நிறையத் திரைச்சீலையோடு உள்ளே வந்தார்.

"எந்திரி. மடிக்கணும்."

"எதுக்குக்கா?"

"பால்குடத்துக்கு அடியில தலையில சும்மாடு வைக்கணும்ல. அத ஒரே மாதிரி வைப்போம். வளையம் வெளிய தெரியுற மாதிரி சுத்து."

மறுநாள் பதினான்கு பேரும் பதினான்கு நிறப் பழைய சேலையில் போய் நின்றோம். தலையில் மட்டும் மாம்பழ மஞ்சள் சும்மாடு. நெற்றிக்கு மேலே வெள்ளி வளையங்கள் வரிசையாக வெயிலில் மின்னின. கோயில் தலைவர் சேலைகளைப் பார்த்தார். அப்புறம் தலைகளைப் பார்த்தார்.

"சரி, மேல ஒரே மாதிரிதான் இருக்கு. நடங்க" என்றார்.

ஊர்வலம் முடிந்ததும் மேல் டிவிஷன்காரி ஒருத்தி அஞ்சலை அக்காவிடம் வந்தாள். "எங்க வாங்குனீங்க? அந்த வளையம் ரொம்ப எடுப்பா இருக்கு."

"ஆன்லைன்ல. இப்பக் கேட்டா கிடைக்காது. கடையையே மூடிட்டாங்க."

அந்த மஞ்சள் துணி இப்போது பதினான்கு வீட்டு ஜன்னலிலும் தொங்குகிறது. சுற்றுப்பயணிகள் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் சமையல் தாமதமானால் வீட்டுக்காரர், "அஞ்சு நட்சத்திரம் எப்பவோ குடுத்துட்டேன், சோறு எப்ப வரும்?" என்பார்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு பாரத்தைக் கொடுத்து, பிள்ளையைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டேன். முதலில் பிள்ளையைக் காட்டுங்கள் என்றேன். தாதி சிரித்துக்கொண்டே தூக்கி வந்தாள். துண்டைப் பிரித்து, கை விரல் பத்து, கால் விரல் பத்து என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கதவோரம் நின்ற வீட்டுக்காரர் கேட்டார்:

"சாயம் போகுதான்னு பாத்தியா?"