பாதி மீசை ஆதாரம்

ஒற்றை பிளேடுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மைசூர் குவெம்புநகரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் எதிர்வீட்டு மாணிக்கவாசகம்.

அடையாளம் காண்பது எளிது. மளிகைப் பட்டியலோடு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனவர், பருப்பை மறந்து, கூட வந்த மனைவியையும் மறந்து, ரேசர்கள் தொங்கும் இடத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஐந்து பிளேடு ரேசரின் அட்டையைத் திருப்பித் திருப்பி, கடை முழுக்கக் கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தால், அவரேதான்.

"முதல் பிளேடு முடியத் தூக்குமாம். ரெண்டாவது வெட்டுமாம். மிச்ச மூணும் என்ன பண்ணும்? கை தட்டுமா?"

"பேக்கா, பேட்வா சார்?" என்பாள் கடைப்பெண் கன்னடத்தில். வேண்டுமா வேண்டாமா என்பதா இவருக்குப் பிரச்சினை? குளுகுளு ஜெல் வைக்கிறார்களே, கன்னத்துக்கு என்ன காய்ச்சலா என்பதல்லவா பிரச்சினை!

அவரிடம் இருப்பது ஒரே பிளேடு மாட்டும் பழைய திருகு ரேசர். அதில் சவரம் செய்து முடித்ததும் வாசலுக்கு வந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "தொட்டுப் பாருங்க" என்று கன்னத்தைக் காட்டுவார். பால்காரர் தொட்டிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் தொட்டிருக்கிறார். நான் வாரம் இரண்டு முறை தொடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

இப்படிப்பட்டவரின் மகள் ஜீவிதா ஆசைப்பட்டது யாரை? குண்டலுபேட்டை கவின்ராஜை. நல்ல பையன், நல்ல குடும்பம். பார்க்கிற வேலைதான் இடித்தது. கடை கடையாக ஏறி அதே ஐந்து பிளேடு ரேசரை விற்கும் கம்பெனி வேலை!

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் ஜீவிதா கெஞ்சினாள். "அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பிளேடப் பத்திப் பேசாதப்பா."

"பேச மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார் மனிதர். காப்பாற்றவும் செய்தார். மறுநாள் காலை, பேசாமல், சோதனையில் இறங்கினார். இடது பக்கம் பழைய ரேசர், வலது பக்கம் இதற்கென்றே வாங்கிவந்த ஐந்து பிளேடு. வருகிறவர்கள் இரண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்பது திட்டம். ஐந்து பிளேடுக்குத் தலை பெரிது. அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே இழுப்பு. வலது பக்க மீசை தண்ணீரோடு போய்விட்டது.

அவர் மனைவி மகேஸ்வரி போட்ட சத்தத்தில் நான் ஓடினேன்.

"மிச்சத்தையும் வழிச்சுட்டு வாங்க! அவங்க வர நேரமாச்சு!"

"வழிச்சா ஆதாரம் போயிருமே மகேஸ்வரி!"

ஜீவிதாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, ஆளைப் பிடித்து உட்காரவைத்து நானே வழித்துவிட்டிருப்பேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பையனின் அப்பா தொட்டையன், முறுக்கு மீசைக்காரர். சோபாவில் உட்கார்ந்தார். பாதி மீசையைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் பாதி மீசையைப் பார்த்தார். பெற்றவர் தவறினால் மீசை எடுக்கும் வழக்கம் தெரிந்தவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, வீட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா? பாதிதான எடுத்திருக்கறீங்க... தூரத்துச் சொந்தமுங்களா?"

வாக்குக் கொடுத்த மாணிக்கவாசகம் வாயைத் திறக்கவில்லை. மேசைமேல் இருந்த ஐந்து பிளேடு ரேசரை விரலால் காட்டினார். எல்லோரும் கவின்ராஜைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் கவனித்தேன். பையனுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி.

மாணிக்கவாசகத்தின் வாக்கு அங்கே உடைந்தது. "தம்பி, நீங்க எதுல சவரம் பண்ணுவீங்க?"

காபித் தட்டோடு வந்த ஜீவிதா அப்பாவை முறைத்தாள்.

"பண்றதில்லீங்க மாமா" என்றான் பையன். "அந்த அட்டையக் கடை கடையாப் படிச்சுக் காட்டறதே நான்தானுங்க. அத்தனையும் படிச்ச பொறகு எப்படிங்க மாமா வாங்குவேன்?"

மாணிக்கவாசகம் துள்ளி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "மகேஸ்வரி, இவருதான் மாப்பிள்ளை!" உள்ளே ஓடி, பழைய ரேசரில் மீதி மீசையை வழித்துவிட்டு வந்து, "தொட்டுப் பாருங்க சம்பந்தி" என்று குனிந்தார். தொட்டையன் வேறு வழியில்லாமல் தொட்டார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். ஜீவிதா சிரித்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

நிம்மதி நீடித்ததா? கிளம்பும்போது மாப்பிள்ளையின் பையிலிருந்து தாடி எண்ணெய்க் குப்பி ஒன்று எட்டிப் பார்த்தது. மாமனார் அதை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? ஷாம்பு விளம்பரம் வந்தால் டிவியோடு சண்டை போட்டதே இல்லையா? இருக்கட்டும். இதைப் படிக்கும்போது நடுவில் உங்கள் கை கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்ததே, அது எதற்காம்? தடவிக்கொள்ளுங்கள், தப்பில்லை. தொட்டுப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். எனக்கு எதிர்வீட்டுக் கன்னமே போதும்.