அம்மாவின் இடது கன்னம்

சிட்லபாக்கம்,
15-4-1971

கர்த்தருக்குள் அன்பான சித்தப்பா தேவானந்தம் அவர்களுக்கு, அண்ணன் மகன் ஐசக் எழுதுவது. ஈஸ்டர் வாழ்த்து, நாலு நாள் தாமதமாக. இங்கு அப்பா, அமலராணி அக்கா, நான் மூவரும் சுகம். அங்கே சுகமா என்று அப்பா கேட்கச் சொல்லவில்லை, நான் கேட்கிறேன். அதற்குப் பதில் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, கீழே கேட்டிருக்கும் சாமானை மட்டும் உடனே அனுப்பிவிடுங்கள்.

சாமான் நீங்கள்தான். அதாவது 1953-இல் எடுத்த போட்டோவில் நின்ற நீங்கள். நடுவில் அம்மா, ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் நீங்கள். 1964 சபைக் கமிட்டித் தேர்தலில் அப்பா ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். நீங்கள் எதிராளிக்குப் போட்டீர்கள் என்று தெரிந்த அன்றைக்கே ஸ்கேலும் பிளேடும் எடுத்து உங்களைத் தனியாக வெட்டி, ‘உன் பங்கு’ என்று எழுதிக் கவரில் போட்டு உங்களுக்கே அனுப்பினார். இது நீங்கள் அறிந்ததே. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், அந்தப் படத்தில் உங்கள் தலை அம்மா பக்கம் சாய்ந்திருந்தது. கத்தரிக்கோலால் வளைத்து வெட்டியிருக்கலாம். அப்பா கணக்கு வாத்தியார், நேர்கோடுதான் போடுவார். அம்மாவின் இடது கன்னமும் காதும் உங்களோடு ஊரப்பாக்கம் வந்துவிட்டன. மூக்கிலிருந்து வெட்டு வரை நாலு மில்லிமீட்டர்தான் மிச்சம், அளந்து பார்த்தேன். எங்கள் டிராயிங் ஆபீஸில் யாராவது இப்படிக் கோடு போட்டால் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை அப்பாவிடம் சொன்னால், “அவன் ஏன்டா சாய்ஞ்சான்?” என்கிறார். இவரோடு ஏழு வருஷமாக நான் பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்து வைத்தவர்.

விஷயம் என்னவென்றால் மே பன்னிரண்டாம் தேதி அக்காவுக்குக் கல்யாணம். அம்மா படம் ஒன்று ஹாலில் மாட்டியிருக்க வேண்டும், அம்மா பார்க்காமல் நான் கோவிலுக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை, இதைத்தான் கேட்கிறாள், இதுதான் இந்த வீட்டில் இல்லை. அம்மா அப்பா கல்யாண போட்டோ இருந்தது, மழையில் ஈரம் இறங்கிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் தானாக உரிந்து வரும் என்று போன வருஷம் நான் ஊறவைத்தேன். உரிந்து வந்தது. அட்டை வந்தது, முகங்கள் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன, அதைக் கழுவப் போய் அவையும் போயின. அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். அப்பா தன் பாக்ஸ் கேமராவில் எடுத்த பதினாலு படங்களிலும் அம்மா இருக்கிறார், கழுத்துக்குக் கீழே. புடவை பார்டர் எல்லாம் ரொம்பத் துல்லியம். கடைசியில் அம்மா தவறியபோது சவப்பெட்டியைச் சுற்றி நின்று எல்லோரும் எடுத்துக்கொள்கிற படமாவது இருந்திருக்கும். போட்டோக்காரர் வந்தார், ஸ்டாண்டும் வைத்தார். நீங்கள் ஒரு பக்கம் நின்றால் நான் நிற்க மாட்டேன் என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார். நீங்களும் கல்லறைத் தோட்டத்து கேட்டோடு திரும்பிப் போனீர்கள். அன்றைக்கு உங்கள் இருவரையும் கேட்க எனக்கு வயசு போதவில்லை. இப்போது கேட்க எனக்குத் தெம்பில்லை.

சரி, இருப்பதை வைத்துச் சரிசெய்யலாம் என்று மேற்குத் தாம்பரத்தில் துளசிங்கம் என்பவர் ஸ்டூடியோவுக்குப் போனேன். படத்தை லைட்டில் பிடித்துப் பார்த்தார். “இன்னா சார் நீ, பாதி மூஞ்சியக் கொண்டாந்து முழு மூஞ்சி கேக்குற? மீதி எங்க கீது?” என்றார். ஊரப்பாக்கத்தில் என்றேன். “அம்மாவக் கூடவா பாகம் பிரிச்சிங்க?” என்றார். பிறகு அவரே, “வுடு, பிரஷ்ஷால போட்டுர்லாம். பத்து நாளு கயிச்சி வா” என்றார். போனேன். பெரிய படமாக, கன்னம் காது எல்லாம் வைத்து, நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டும் வைத்துக் கொடுத்தார். ஏன் ஐயா இது என்றால், “நெத்தி வெறிச்சுனு இருந்திச்சி சார், நல்லா இல்ல. பொட்டுக்குத் தனியா காசு வாணாம்” என்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, “இந்தம்மா யாருடா? நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்திருக்காங்க?” என்றார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

ஆகையால் அந்தத் துண்டை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மடிக்காமல், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பவும். இரண்டையும் சேர்த்து வைத்துப் புதுப் படம் எடுத்துவிடலாம், கோடு தெரியாமல் செய்துதருகிறேன் என்று துளசிங்கம் சத்தியம் பண்ணுகிறார். வேலை முடிந்ததும் உங்களை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன். நீங்கள் நேரில் வர வேண்டியதில்லை. உங்களையும் அப்பாவையும் சமாதானம் செய்து வைக்க நான் இதை எழுதவில்லை, அதற்கு எனக்கு லீவும் கிடையாது. இருபத்தைந்தாம் தேதிக்குள் துண்டு வந்தால் போதும்.

புஷ்பம் சித்திக்கு என் தோத்திரம். கர்த்தர் தங்களுக்குச் சுகபலமும், அண்ணன் தம்பி இருவருக்கும் இனிமேலாவது கொஞ்சம் புத்தியும் தருவாராக.

இப்படிக்கு,
ஐசக்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் அக்கா வந்தாள். வேலை பார்க்கும் ஸ்கூலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து சித்திக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தாளாம். உங்களிடமும் அதே போட்டோ முழுசாக ஒரு பிரதி இருந்ததாம், ‘உன் பங்கு’ கவர் வந்த அன்றைக்கே நீங்களும் பிளேடு எடுத்து அப்பாவை வெட்டித் தள்ளிவிட்டீர்களாம். இதை இவள் வாசலிலேயே சொல்லித் தொலைத்தாள், அப்பா காதில் விழுந்துவிட்டது. “என்னை வெட்டிட்டானா? அவனா?” என்று குதித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்கம்மா அதுல எப்படி இருக்கா?” என்று கேட்டார். “முழுசா இருக்காங்கப்பா. சிரிக்கிறாங்க,” என்றாள் அக்கா. வெட்டுப்பட்ட படத்தில் அம்மா சிரிப்பது எங்களுக்குத் தெரியவே இல்லை, சித்தப்பா.  அப்பா பிறகு என்னிடம், “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் செங்கல்பட்டு பஸ் எத்தனை மணிக்குன்னு பார்த்து வை” என்றார். அதனால் எதையும் அனுப்ப வேண்டாம், வீட்டில் இருங்கள். நாலு வார்த்தை திட்டிவிட்டு வரத்தான் போகிறேன் என்கிறார். படத்தை முதலில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவரால் பேச முடியாது.