ஈரக்கல் நிபுணர்

உங்களுக்கு ஈரக்கல் நிபுணரைத் தெரியுமா? தெரியாமல் இருக்கவே முடியாது. கல் இல்லாமல் வேண்டுமானால் பார்த்திருப்பீர்கள். கல்லோடு பார்க்க வேண்டும், ஐயா!

தீட்டாத ஓப்பல் ரத்தினக் கல் ஒன்றை இவரிடம் கொடுத்தால், முதலில் அது யாருடையது என்றுதான் கேட்பார். ஊரார் கல்லா? சட்டை நுனியால் ஈரம் போகத் துடைப்பார், ஜன்னலோரம் கொண்டுபோவார், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஏதோ அந்தக் கல் இவர் மகளைப் பெண் கேட்டு வந்துவிட்ட மாதிரி மேலும் கீழும் பார்ப்பார். "நிறம் மேல்தோல்தான். தீட்டினா போயிடும். இங்க மணல். இங்க விரிசல். எடை பூரா வெறும் சாம்பல் கல்லு." உதட்டைப் பிதுக்குவார். கொண்டுவந்தவர் முகம் தொங்கிவிடும்.

சொந்தக் கல்லா? அடடா! அது காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அலமாரியில், கண்ணாடிக் குப்பியில், தண்ணீருக்குள் குடித்தனம். தண்ணீரில் கிடக்கும் ஓப்பல் சும்மா இருக்குமா? பச்சையும் சிவப்பும் நீலமும் துள்ளும். விரிசல்கூட வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும். வெளியே எடுத்துக் காட்ட வேண்டி வந்தால் நாக்கால் ஒரு நக்கு. ஆமாம், நக்குத்தான்! வந்த விருந்தாளி காப்பியை அப்படியே கீழே வைத்துவிடுவார். "பாத்தீங்களா நெருப்பு? உள்ள வரைக்கும் ஓடுது இந்த நிறம்!" உள்ளே ஓடுவதை யார் கண்டார்கள்? தீட்டினால்தானே தெரியும்? இவர் தீட்டவிடுவாரா!

அங்கேதான் வம்பு. அந்தக் கல்லை மோதிரமாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது இவர் மனைவியின் ஆசை. கல்யாணமான புதிதில் இவரே கொடுத்த வாக்கு. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். கல் மட்டும் இன்னும் குளித்துக்கொண்டே இருக்கிறது.

"எப்பங்க தீட்டித் தருவீங்க?"

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு வெட்டுற கல்லா இது?"

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. கல் தீட்டும் பட்டறை வைத்திருக்கும் தம்பியை வரச் சொன்னார். தம்பி, பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு கல்லோடு வந்தார். அக்கா அதைக் குப்பிக்குள் போட்டார். குப்பிக் கல்லை எடுத்துத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, மேல்வீட்டுக்காரனான நான் சர்க்கரை கடன் கேட்டு உள்ளே நுழைந்தேன். அந்த அம்மாள் கண்ணாலேயே என்னை உட்காரவைத்தார். நிபுணர் கண்டுபிடித்துவிட்டால் மோதிரமும் போச்சு, அக்கா தம்பி மானமும் போச்சு. எனக்குச் சர்க்கரையே மறந்துவிட்டது.

வெளியே போயிருந்த நிபுணர் உள்ளே வந்ததும், தம்பி காய்ந்த கல்லை நீட்டினார். "மாமா, இந்தக் கல்லு தேறுமா, கொஞ்சம் பாருங்க."

துடைத்தார். இடுக்கினார். பிதுக்கினார். "இதெல்லாம் ஒரு கல்லா, மாப்ளே? நிறம் மேல்தோல்தான். ஓரத்துல விரிசல் வேற. கதவுக்கு முட்டுக் கொடுக்கக்கூட ஆகாது!"

"அப்ப அக்காவுக்கு ஒரு மோதிரமா தீட்டிக் குடுத்துடட்டுமா?"

"தாராளமா! பாவம், அவளும் கேட்டுக்கிட்டே இருக்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். சிரிப்பை அடக்கமாட்டாமல், பின்னாலேயே நானும் ஓடினேன்.

பட்டறையில் தீட்டியபோது விரிசல் ஓரத்தோடு போயிற்று. நிறமோ, உள்ளே வரைக்கும் ஓடியது! மனிதர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. நனைத்து வைத்துக்கொண்டு சொன்னதைச் சொல்கிறேன்.

மோதிரம் வந்த அன்று, பாத்திரம் கழுவிய கையோடு அந்த அம்மாள் அவர் முன்னால் வந்து நின்றார். ஈர விரலில் கல் தகதகவென்று எரிந்தது. நிபுணர் அசந்துபோனார். கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம், அவர் கண்ணில் ஏதோ பழைய பாசம் தட்டுப்பட்டதுபோலத்தான் இருந்தது. அப்புறம் துண்டை எடுத்தார். மோதிரத்தைச் சுத்தமாகத் துடைத்தார்.

"ம்... பரவாயில்ல. ஆனா நம்ம கல்லு முன்னால நிக்காது," என்று குப்பியைக் காட்டினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை முகம் கழுவிய கையோடு, சொட்டச் சொட்டக் கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றே சாய்த்து, "பரவாயில்லையே!" என்றது யார்?

இந்தாருங்கள், துண்டு.