ஒரு சாண் குடல்

கோபத்தில் செய்த காரியம் உருப்படாது என்பார்கள். நான் ரொம்ப சந்தோஷமாகச் செய்த ஒரு காரியத்தால் நாற்பது வீட்டுக்காரர்கள் திருவிழா அன்று வெறும் பருப்புச் சோறு தின்றார்கள். நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. வெட்கமெல்லாம் அதற்குப் பிறகு.

தொண்ணூறுகளின் கடைசி. இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்த ஒரே ஆள் நான். (படித்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. தமிழில் உயிரியல் சொல்லித்தர எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கிடையாது. 'ஆய்வுகூடம்' என்று எழுதியிருந்த அறையில் உட்கார முடியாத உடைந்த கதிரைகள்தான் இருந்தன.) முதல் தடவை ஃபெயில். குடலில் இருக்கிற மழமழப்பான தசையைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. கண்ணால் காணாததை நான் என்னத்தை எழுதுவது?

"அடுத்த தடவையும் போச்சுன்னா பால் வெட்டப் போயிரணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர மனசு கேட்கவில்லை. நான் பாஸாக வேண்டுமென்று முனியாண்டிக்கு ஓர் ஆட்டை நேர்ந்துவிட்டார்.

திருவிழா அன்று பூசாரி மாமா ஆட்டின் தலையில் தண்ணீர் தெளித்தார். ஆடு உடம்பைச் சிலிர்த்தது. "சரி, சம்மதம் குடுத்துருச்சு" என்றார். ஆடு சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வெட்டுவார்கள். வெட்டியதும் குடல் பெண்களிடம் வந்தது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் வைத்துக் கழுவுவது எங்கள் வேலை.

அம்மாவும் ராமாயி அத்தையும் கழுவிக்கொண்டிருக்க, நான் ஒரு சாண் வெட்டி எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்து, பேசினில் போட்டேன். பீலித் தண்ணீரின் குளிரில் அடங்கிக் கிடந்தது, சூடு பட்டதும் மெல்ல நெளிந்தது. ஓரிடத்தில் வளையமாக இறுகி, அந்த இறுக்கம் நகர்ந்து நகர்ந்து மறு முனைக்குப் போயிற்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, பாருங்க! உள்ள ஒரு அடுக்கு சுத்தி ஓடுது, வெளிய ஒரு அடுக்கு நெடுக்க ஓடுது. கை கால் தசையில இருக்கிற கோடு இதுல கிடையாது. செல்லெல்லாம் ரெண்டு பக்கமும் கூரா இருக்கும், கல்சியம் உள்ள போனா சுருங்கும். மூளை சொல்லணும்னே இல்ல, அதுவே துடிக்கும்!"

"அடியே, தலைய வெட்டி அரமணி நேரமாச்சு" என்றாள் அத்தை. "இன்னும் என்னடி துடிக்கும்?" கையைக்கூடக் கழுவாமல் கோயிலுக்கு ஓடினாள்.

பூசாரி மாமா வந்தார். அவர் பின்னால் தோட்டமே வந்தது. பேசினைக் குனிந்து பார்த்தார். குடலும் அவருக்காகவே இன்னொரு தரம் இறுகிக் காட்டியது.

"ஆடு சம்மதத்தத் திருப்பி வாங்கிருச்சு" என்றார். "நேர்ச்ச செல்லாது. இதச் சாப்பிட்டா முனி சும்மா விடாது."

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் வாயை மூடியிருப்பாள். நான் புத்தகம் படித்தவள். "காதுல தண்ணி விழுந்தா நாயுந்தான் சிலிர்க்கும், மாமா! அது சம்மதம்னா, இது எப்பிடி மறுப்பாகும்?" என்று கத்தினேன். அம்மா என் முதுகில் வைத்த அறை மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அப்பா என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்தார். ஒரு வருஷம் வளர்த்த ஆட்டை, கறி குடல் ஈரல் எல்லாம் சேர்த்து, ரப்பர் மரத்தடியில் புதைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தை மேல், மாமா மேல், ஒரு டீச்சரை அனுப்ப வக்கில்லாதவர்கள் மேல். எல்லாரையும்விட என் வாய் மேல்.

அன்று எனக்குப் பசியே இல்லை. (கோபத்தில் ஊறும் அட்ரினலின் குடலின் அசைவை அடக்கிவிடும். ஆட்டின் குடலுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோக நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. அதனால் அது நிம்மதியாக ஆடியது.)

பரீட்சையில் அதே தசை வந்தது. கண்ணால் கண்டதை எழுதினேன். பாஸ். அப்பாடா, இனிமேலாவது ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

"முழு ஆட்டையும் முனிக்கே குடுத்தோம்ல, அதான்" என்றார் பூசாரி மாமா. அப்பாவும் தலையாட்டினார். என் படிப்பை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை!

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் நான்தான். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அம்மா, "யாருடி இவளுக்கு வெந்நி ஊத்துனது?" என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வுகூடத்தில் இன்னும் அதே கதிரைகள். அதனால் போன திருவிழாவில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சாண் குடல் கேட்டுப் பீலியடிக்குப் போனேன். நான் பாஸானதிலிருந்து, பரீட்சைக்கு நேர்ந்த ஆடென்றால் முனிக்கென்று குடலில் ஒரு சாணைப் புதைத்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள். அதை வாழையிலையில் சுற்றி வைத்திருந்தாள் ராமாயி அத்தை.

"தர முடியாது டீச்சர்" என்றாள். "பிள்ளைங்க பாஸாக வேணாமா?"