கடல்புல் விதைக்குக் காவல் நிற்பவர்

கஜானா காத்த மந்திரிகள், புதையல் காத்த பூதங்கள், பரீட்சைக் கேள்வித்தாள் காத்த தலைமையாசிரியர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்துங்கள். எங்கள் விதைக்காப்பாளருக்கு முன்னால் அத்தனை பேரும் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள். இவர் 'பத்திரப் பேர்வழி' என்னும் இனம். இந்த இனத்தார் புது ரிமோட்டுக்கு உறை போடுவார்கள். உறை அழுக்காகாமல் இருக்க அதற்கும் ஓர் உறை போடுவார்கள். விருந்தாளிக்கென்று வாங்கிய தட்டை, விருந்தாளி வந்ததும் ஒளித்துவைப்பார்கள். இவர்கள் கையில் பொருள் சாகாது. வாழவும் வாழாது.

நம்மவர் காப்பது கடல்புல் விதை. கடலுக்கடியில் வயல்போல் விளையும் புல் அது. மீன்குஞ்சு ஒளிய இடம், மண் அரித்துப் போகாமல் பிடித்துக்கொள்ள வேர். வளைகுடாவின் ஒரு பக்கத்தில் அது அடியோடு அழிந்துவிட்டது. அங்கே மறுபடி விதைப்பதற்காக, காப்பாளரின் தங்கை படகெடுத்துப் போய், மூழ்கி மூழ்கி, பூத்து விதை பிடித்த தண்டுகளாகப் பறித்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள். அண்ணன் அவற்றைக் கடல்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, தண்டு அழுகி விதை அடியில் தங்கும்வரை, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு சல்லடையில் அலசி, ஒவ்வொரு விதையையும் விரல்நுனியில் அழுத்திப் பதர் நீக்கி, உப்புநீர் பாட்டில்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். அதுவரைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வைத்த பிறகுதான் வியாதி.

குளிர் இருந்தால் விதை தூங்கும். சூடு ஏறினால் முளைத்துவிடும். ஆகவே குளிர் இருக்கிறதா என்று பார்ப்பார். எப்படி? கதவைத் திறந்து. திறந்ததால் சூடு ஏறியிருக்குமோ என்று கவலை வரும். அதை எப்படித் தீர்ப்பது? கதவைத் திறந்து. தலையை உள்ளே விட்டு, மூச்சு பட்டுத் தெர்மாமீட்டருக்கே வியர்க்கும்வரை அதை முறைப்பார்.

விதைக்கக் கடைசி நாளும் வந்தது. மறுநாள் காற்றுக்காலம் தொடங்குகிறது. அதன்பின் படகு போகாது. இந்த வருஷ விதைப்பு அம்போ. தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, பாட்டிலைக் குடு. சாக்குப்பையில மண்ணு ரொப்பியாச்சு. விதையக் கலந்து கட்டி இறக்க வேண்டியதுதான்."

"இன்னிக்கா? தண்ணி கலங்கலா இருக்கே."

"தெளிவா இருந்தப்போ நண்டு பார்த்துடும்னு சொன்னே!"

"பார்க்காதா பின்னே? கண்ணை வெளியில நீட்டிக்கிட்டுல்ல அலையுது!"

"சரி, பாதியாவது குடு."

"எந்தப் பாதி?" என்றார்.

"கடல்லேருந்துதானே எடுத்தோம்? அங்கேயே போட என்ன பயம் உனக்கு?"

"அங்க யாரு பாத்துப்பா?"

சிரிக்காதீர்கள். போன வருஷம் விதைத்ததில் நண்டு தின்றது போக, அலை அள்ளியது போக, மிஞ்சியது கைக்குட்டை அகலத்துக்குப் புல். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று சோற்றைத் தொடவில்லை.

இன்னொரு தரம் குளிரைச் சரிபார்க்கக் கதவைத் திறந்தவர் அலறினார். "ஐயோ! போச்சு! எல்லாம் போச்சு!"

தங்கை ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். விதைக்கு விதை பச்சையாய் ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

"எங்க போச்சு? முளைச்சிருக்கு."

"கதவை யாரு திறந்து திறந்து மூடுனது?" என்று அறையைச் சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு நின்ற நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

"இனிமே உள்ள வச்சா வெளுத்துச் செத்துடும். இல்லேன்னு சொல்லு, நான் போயிடறேன்" என்றாள் தங்கை.

அவர் பாட்டில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானே படகில் ஏறினார். உதவிக்குக் கூடப் போன நான் மண்பைகளை எடுத்து நீட்ட, அவர் விதையைக் கலந்து, வாயைக் கட்டி, ஒவ்வொரு பையையும் முதல்நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப்போல் தட்டிக்கொடுத்து இறக்கினார். "முட்டிக்காம போ" என்றுகூடச் சொன்னார். பையிடம்!

நமக்கென்ன என்று படிக்கிற ஐயா, அம்மா, உங்களைத்தான். நல்ல நாளைக்கு உடுத்தலாம் என்று அலமாரியில் மடித்துவைத்தீர்களே ஓர் உடுப்பு, அது இப்போது உங்களுக்குப் பற்றுமா? போய்ப் போட்டுப் பாருங்கள், நாங்கள் சிரிக்கமாட்டோம்.

இப்படி மனதுக்குள் ஜோராக எழுதிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கையில் காப்பாளர் திரும்பினார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"விரி."

விரித்தேன். ஒரே ஒரு விதை, பச்சை நுனியோடு.

"இல்ல... ஒண்ணு மட்டும் வீட்டுல, ஒரு டம்ளர்ல..."

திட்டுவார் என்று பார்த்தேன். நகர்ந்து, படகோரத்தில் எனக்கு இடம் விட்டார்.

"போடு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கேன்."