தோணிக்காரனுக்கு நாற்பது நிமிடம்

வாசகர் வட்டங்களில் துணைப்பாத்திரப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. கதாநாயகன் செத்தால் இவர் கண் கலங்காது. அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கூட்டத்தையே கலங்கடிப்பார். எந்த ஊரிலும் இவரைக் காணலாம்; நல்ல விளைச்சல் வேண்டுமென்றால் ஜேர்மனியின் டோர்ட்மண்டுக்கு வாருங்கள்.

அங்கே பரராசசிங்கம் இருக்கிறார். 1995இலிருந்து வட்டத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. 2006இல், நூற்றுப்பத்துப் பக்கத்துப் பழைய குறுநாவல் ஒன்றுக்கு முதன்முறையாகப் பிரதான உரை அவருக்குக் கிடைத்தது. அவ்வளவுதான், மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. புதுக் கழுத்துப்பட்டி வாங்கினார், பல் வைத்தியரிடம் நேரம் குறித்து வாங்கிய டெர்மினைத் தள்ளிவைத்தார், ட்ராமில், வேலைத்தளத்தில், குளியலறையில் என்று போகிற இடமெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஆசை ஒன்றே ஒன்று: சங்கப் பத்திரிகையின் கூட்டச் செய்தியில், படத்தோடு தன் பெயர் வரவேண்டும். பதினொரு வருடத்தில் ஒருதரமும் வந்ததில்லை, பாவம்.

ஞாயிறும் வந்தது. ஒரு மணிநேரம் முந்தியே திறப்போடு வந்து மண்டபத்தின் பூட்டைத் திறந்து, சூடேற்றியைப் போட்டு, நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்த புவனேந்திரனிடம், "தம்பி, மைக்கைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

நாயகன் காதலியைத் தேடி ஊரூராக அலைந்து, நோயில் விழுந்து, கடைசியில் செத்தும் போகிறான். அதற்கெல்லாம் இரண்டு நிமிடம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவனை அக்கரையில் இறக்கிவிட்டு, "மழை வரும்போல கிடக்கு" என்று ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போகும் தோணிக்காரனுக்கு நாற்பது நிமிடம்! அவனுக்குப் பிள்ளைகள் எத்தனை? துடுப்பு சொந்தமா, இரவலா? மழை உண்மையிலேயே வந்ததா?

"அவன் இல்லாட்டில் நாயகன் அக்கரைக்கு எப்பிடிப் போறது?" என்று மேசையைத் தட்டினார்.

"பாலத்தாலை போயிருப்பார், அங்கிள்" என்றாள் முன்வரிசையில் இருந்த மாணவி மிதுசா. "முப்பதாம் பக்கத்திலை பாலம் ஒண்டு இருக்கு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அசருவாரா?

"பாலத்தைக் கட்டினவன் ஆர், பிள்ளை?"

இன்னும் பத்து நிமிடம்!

"பேரில்லாத சனம்தான் கதையைத் தாங்குது!" என்று முழங்கி, தலைவரிலிருந்து வடை தந்த கடைக்காரர்வரை எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறி, "திறப்புக் கொண்டு வாற தம்பிக்கும்" என்று முடித்தார். கைதட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

பத்திரிகை வந்த அன்று, தபால்பெட்டியடியில் நின்றபடியே விரித்தார். தலைவர் பெயர் இருந்தது. வடைக் கடையின் பெயர்கூட இருந்தது. பிறகு: "துணைப்பாத்திரங்கள் குறித்த உரையும் இடம்பெற்றது. மற்றும் பலர் கலந்துகொண்டனர்." படத்தின் ஓரத்தில் புதுக் கழுத்துப்பட்டியின் நுனி மட்டும் தெரிந்தது. மனுசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செய்தி எழுதிய நேசமலரைத் தொலைபேசியில் பிடித்தார். "தங்கச்சி, என்ர பேர் எங்கை?"

"அண்ணை, 'மற்றும் பலர்' எண்டு போட்டிருக்கிறன், பாக்கேல்லையோ? பேரில்லாத ஆக்கள்தான் கதையைத் தாங்குகினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்! அதைக் கேட்டு எனக்குக் கண்ணீரே வந்திட்டுது. அதுதான் உங்களை அதிலை சேர்த்தனான்."

அவர் படத்தின் ஓரத்தை இன்னொருதரம் பார்த்தார்.

"அது நாவலிலை, தங்கச்சி" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: அன்று மண்டபத்தைத் திறந்து, உங்களுக்கும் சேர்த்து நாற்காலி போட்டு வைத்தவரின் பெயர் என்ன? மேலே பார்க்கக் கூடாது!

வரவில்லையா? சரி, நீங்களும் ஒரு கழுத்துப்பட்டி வாங்கி வையுங்கள்.